சதுரத்துக்கு ஒரு நியாயம்

வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டால் மனிதன் முதலில் செய்கிற காரியம் சிரிப்பதுதான். சிந்திப்பதெல்லாம் அதற்குப் பிறகு. பல சமயங்களில் அந்தச் சிரிப்போடேயே விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதப்பட்டு விடுகிறது. புதிய வேஷ்டிக் கரையிலிருந்து புதிய கொள்கை வரையில் இந்த மரியாதைக்குத் தப்பியது எதுவும் இல்லை. ஒரு பொருளையோ ஒரு மனிதரையோ மதிப்பிடுகிற உரிமை நமக்கு உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். மதிப்பிடாமல் நம்மால் வாழ முடியாது. ஆகவே, எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுகிறோம் என்பதையாவது நாம் நிதானமாக யோசிக்க வேண்டும் அல்லவா?

இந்த யோசனைக்கு ஒரு சாதாரணப் பொருளை உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன். 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கனடா நாட்டின் பிளாக்பெர்ரி நிறுவனம் ஒரு கைப்பேசியை வெளியிட்டது. அதன் பெயர் ‘பாஸ்போர்ட்’. பெயருக்கு ஏற்ற உருவம்: 128 மில்லிமீட்டர் உயரம், 90 மில்லிமீட்டர் அகலம். நம் கடவுச்சீட்டின் அளவு 125-க்கு 88 என்பதை நினைத்துக் கொண்டால், சட்டைப்பையில் அது எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். அதே மாதத்தில் கடைக்கு வந்த ஐபோனின் அகலம் வெறும் 67 மில்லிமீட்டர்தான். உலகமே நெடிதாகவும் ஒல்லியாகவும் வளர்ந்துகொண்டிருந்தபோது, இது மட்டும் தோள் விரித்துக் குட்டையாக வந்து நின்றது. நாலரை அங்குலத் திரை, சரியான சதுரம். அதன் கீழே, எல்லோரும் கைவிட்டுவிட்ட நிஜமான பொத்தான்கள், மூன்று வரிசையில்.

இதைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். சிலர் பிரமாதம் என்றார்கள். எழுத்துத் தொழில் செய்கிற நண்பர் ஒருவர் இதை வைத்திருந்தார். அவருடைய தயவில் சில வாரங்கள் நானும் இதைப் புழங்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் சொந்த விருப்பு வெறுப்பு இங்கே முக்கியமல்ல. இதற்கு மூன்று நீதிபதிகள் மூன்று விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதுதான் முக்கியம். அந்த மூவர்: கண், கை, கடைத்தெரு.

முதலில் கண்ணின் தீர்ப்பைப் பார்ப்போம். ‘அவலட்சணம்’ என்றது கண். ஏன் என்று கேட்டால் அதனிடம் காரணம் இல்லை. சதுரம் அழகற்றது என்று எந்தச் சிற்ப சாஸ்திரமும் சொல்லவில்லை. நாம் மரியாதையோடு மிதிக்காமல் சுற்றிப் போகிற வாசற் கோலங்களில் பாதி சதுரத்தில் அடங்குபவை. கண்ணுக்குப் பிடிக்காமல் போனது சதுரம் அல்ல, பழகாமைதான். இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சியம் உண்டு. 2007-இல் ஆப்பிள் நிறுவனம் எழுத்துப் பொத்தான்களே இல்லாத கைப்பேசியை அறிமுகப்படுத்தியபோது, மைக்ரோசாஃப்ட் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர் தொலைக்காட்சிப் பேட்டியில் வாய்விட்டுச் சிரித்தார். பொத்தான் இல்லாத கருவியைத் தொழில் செய்கிறவர்கள் சீந்த மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அப்போது பொத்தான் இல்லாதது விநோதம். ஏழே ஆண்டுகளில் பொத்தான் இருப்பது விநோதமாகி விட்டது! கண் எப்போதும் சிறுபான்மையைத்தான் பார்த்துச் சிரிக்கிறது. எது சிறுபான்மை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அப்படிப்பட்ட நீதிபதியின் சொல்லை எப்படி நம்புவது?

கையின் தீர்ப்பு இன்னும் கொஞ்சம் நியாயமானது. அது புழங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறது. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இதைப் புழங்க முடியாது. இரண்டு கையும் வேண்டும். சினிமாப் படம் பார்த்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்து, படம் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. இவையெல்லாம் குறைகள்தாம், மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் படிப்பதற்கென்று எடுத்தால் கதை வேறு. அச்சுக்கலை அறிந்தவர்கள் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு வரிக்குச் சுமார் 66 எழுத்துக்கள் இருந்தால் கண் களைக்காது என்பார்கள். நெடிய கைப்பேசிகளில் ஒரு வரிக்கு 40 எழுத்துக்கள் வருகின்றன என்றும், தங்கள் சதுரத்தில் 60 வருகின்றன என்றும் அந்த நிறுவனத்தார் கணக்குச் சொன்னார்கள். விற்பவர் கணக்குத்தான் என்றாலும் படித்துப் பார்த்தால் உண்மை தெரிகிறது. வாக்கியம் வாக்கியமாகப் படிக்க முடிகிறது. துண்டு துண்டாக விழுங்க வேண்டியதில்லை. பொத்தான்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அழுத்தினால் எழுத்து, அழுத்தாமல் மேலே விரலைத் தடவினால் பக்கம் நகர்கிறது. இடப்புறமாக இழுத்தால் எழுதிய சொல் அழிகிறது. எழுதுகிற விரல் திரையை மறைப்பதே இல்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் முப்பது ஆண்டுக்கு மேல் தட்டெழுத்து வேலை பார்த்தவர். இப்போது விரல்களில் லேசான நடுக்கம். கண்ணாடித் திரையில் அவர் எழுத முயன்றால், தொடுகிற இடமெல்லாம் எழுத்தாகி ஒரு வரிக்குள் நாலு பிழை வந்துவிடும். என் நண்பரின் கைப்பேசியை ஒரு நாள் அவரிடம் கொடுத்தோம். விரலைப் பொத்தான்மேல் வைத்தார், நடுங்கியது, எழுத்து விழவில்லை. அழுத்தினார், விழுந்தது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதி முடித்துவிட்டு, “இது நான் சொல்லுகிற வரைக்கும் காத்திருக்கிறது, தம்பி” என்றார். பொத்தானின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. கண்ணாடி, பட்டதையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது. பொத்தானோ நம்முடைய தீர்மானத்தைக் கேட்கிறது.

இதைக் கொண்டு, பொத்தானில் எழுதுகிறவன் யோசித்து எழுதுகிறான், கண்ணாடியில் எழுதுகிறவன் யோசிக்காமல் எழுதுகிறான் என்று உபதேசம் செய்யப் புறப்படுகிறவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் சேர மாட்டேன். பொய்யையும் கோள் சொல்வதையும் எந்தப் பொத்தானும் தடுத்ததில்லை. இறகுப் பேனாவால் எழுதிய காலத்திலும் மொட்டைக் கடுதாசிகள் இருந்தன. கருவி செய்யக்கூடிய உபகாரம் கைக்குத்தான். மனத்தை அது திருத்தும் என்பது பழமையின்மேல் உள்ள ஆசை.

தமிழில் எழுதுகிறவன் என்ற முறையில், கண்ணாடியின் பக்கத்து நியாயத்தையும் நான் சொல்லியாக வேண்டும். பொத்தானில் எது பொறிக்கப்பட்டதோ அதுதான் கடைசிவரை. நான் புழங்கிய அந்தக் கைப்பேசியில் இருந்தவை இருபத்தாறு ஆங்கில எழுத்துக்கள். கனடாவில் உட்கார்ந்து அச்சு வார்த்தவர்களுக்கு நம் உயிரும் மெய்யும் ஞாபகம் வரவில்லை என்று கோபித்துப் பயனில்லை. கண்ணாடிக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. இந்த நிமிஷம் ஆங்கிலம், அடுத்த நிமிஷம் 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகை, கேட்டதைக் காட்டுகிறது. மற்றவர்கள் மறந்துபோன மொழிகளுக்கெல்லாம் இடம் கொடுத்தது, உறுதியான பொத்தான் அல்ல. உருவமே இல்லாத அந்தக் கண்ணாடிதான். ஆகவே கையின் தீர்ப்பும் ஒரே கையின் தீர்ப்பு அல்ல. யாருடைய கை, எந்த மொழி எழுதுகிற கை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது நீதிபதி கடைத்தெரு. அதன் தீர்ப்பில் தயவு தாட்சண்யம் இல்லை. ஒரு காலத்தில் இந்த நிறுவனத்தின் பொத்தான் கைப்பேசியைப் பெரிய மனிதர்கள் எல்லோரும் வைத்திருந்தார்கள். 2009-இல் அமெரிக்க ஜனாதிபதியான ஒபாமா, தம் பிளாக்பெர்ரியை விட மாட்டேன் என்று பாதுகாப்பு அதிகாரிகளோடு வாதாடியது அந்நாளில் பெரிய செய்தி. அப்படிப்பட்ட நிறுவனம் 2016 செப்டம்பரில், இனிமேல் சொந்தமாகக் கைப்பேசி தயாரிப்பதில்லை என்று அறிவித்தது. அதன்பின் வேறு நிறுவனங்கள் அதே பெயரில் சில காலம் பொத்தான் கைப்பேசிகள் செய்தன, அவையும் நின்றன.

தோற்றது என்பதால் அது தாழ்ந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது என்று சொல்லத்தான் எழுத்தாளனுக்கு நாக்குத் துடிக்கும். விற்காத புத்தகங்களின்மேல் எங்களுக்கு உள்ள பரிவு அப்படிப்பட்டது! ஆனால் கடைத்தெருவின் தீர்ப்பில் ஓர் உண்மை இருப்பதை மறுக்க முடியவில்லை. பேனாவைப் போலவோ கத்தரிக்கோலைப் போலவோ கைப்பேசி தனியாக நிற்கக்கூடிய பொருள் அல்ல. அதற்கு அக்கம்பக்கம் வேண்டும். பிறர் எழுதித் தரும் செயலிகள் வேண்டும். பணம் செலுத்த, ரயிலுக்குப் பதிவு செய்ய, பேரனின் முகத்தைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் பிறர் துணை வேண்டும். மற்றவர்கள் இரண்டு பெரிய ஊர்களில் குடியேறிவிட்ட பிறகு, இது தனி ஊராக நின்றது. வீடு நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது. ஊரில்தான் ஆள் இல்லை.

அதன் விளைவு 2022 ஜனவரி 4-ஆம் தேதி வெளிப்பட்டது. பழைய பிளாக்பெர்ரிக் கைப்பேசிகளுக்கு அளித்துவந்த சேவையை நிறுவனம் அன்று நிறுத்திக்கொண்டது. அதன்பிறகு அவற்றில் பேசுவதோ செய்தி அனுப்புவதோ நிச்சயமில்லை என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். பொத்தான் தேயவில்லை, திரை உடையவில்லை. எங்கோ இருந்த ஒரு கணக்குப்புத்தகத்தை மூடியதில் இங்கே கையிலிருந்த பொருள் நோயாளியாகி விட்டது.

என் தாத்தா காலத்துச் சுருக்குப்பெட்டி இன்றைக்கும் திறந்து மூடுகிறது. செய்த தச்சன் காலமானதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இன்று நாம் வாங்குகிற கருவிகளோ பொருளில் பாதி, வாக்குறுதியில் பாதி. விலையைக் கொடுத்துவிட்டு, கொடுத்தவனின் ஆயுளையும் லாபநஷ்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். ஆகவே ஒரு கைப்பேசி நல்லதா என்று கேட்கிறவன், அதன் உருவத்தையும் உழைப்பையும் பார்த்தால் போதாது. கொடுத்தவன் எத்தனை நாள் அதன் பின்னால் நிற்பான் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சதுரமோ நீளமோ, எல்லாக் கைப்பேசிக்கும் இது பொது விதி. சதுரம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் என் தீர்ப்பு என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நிறையப் படித்து, ஆங்கிலத்தில் நிறைய எழுதி, இரண்டு கையையும் அதற்கென்று ஒதுக்கக்கூடியவருக்கு அது உயர்ந்த கருவியாக இருந்தது. மற்றவர்களுக்கு அது சங்கடமாக இருந்தது. இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய உண்மைகள். வித்தியாசமாக இருப்பதையே பெருமையாக நினைத்து அதை எடுத்துக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. அவர்கள் சிரித்தவர்களுக்கு எந்த விதத்திலும் உயர்ந்தவர்கள் அல்லர். மாறுபட்டிருப்பது குற்றமும் அல்ல, குணமும் அல்ல. யாருக்கு, எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே மதிப்புப் பிறக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கருவியைப் பற்றிச் சொன்ன இந்த நியாயத்தை அப்படியே மனிதர்களுக்கும் நீட்டிவிடக் கூடாது. வகுப்பில் எல்லோரும் விளையாடும்போது ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற பையனையும், கல்யாண வீட்டில் எதிலும் ஒட்டாமல் நிற்கிற பெண்ணையும் பார்த்து நம் கண் அதே சிரிப்பைத்தான் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைத் திருத்திக்கொண்ட நல்லவர்கள்கூட, ‘அவனிடமும் ஏதாவது ஒரு திறமை இருக்கும், எதற்காவது பயன்படுவான்’ என்று சமாதானம் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு நல்லெண்ணம்தான். ஆனால் அது கைப்பேசிக்குச் சொல்லவேண்டிய சமாதானம். எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டுப் பொருளை மதிக்கலாம். எதற்குப் பயன்படுகிறான் என்று கேட்டுத்தான் மனிதனை மதிப்போம் என்றால், பயன் தீர்ந்த அன்று அவனையும் அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான். விரல் நடுங்குகிற அந்தப் பெரியவரை எந்த அலுவலகமும் இன்று வேலைக்கு அழைக்காது. அவருடைய மகள் அந்த ஆறு வரிக் கடிதத்துக்குக் காத்திருந்தாள் அல்லவா? அவள் தட்டெழுத்தரின் வேகத்தைக் கணக்குப் பார்த்துக் காத்திருக்கவில்லை.