வேடமும் வினையும்

நாடக மேடையிற் கொடியோன் வேடம் புனைந்து, பொய் கூறி, கொலைக்குத் துணிந்து, தெய்வத்தையும் இகழ்ந்து நடிப்பவனை அச்செயல்களின் வினை பற்றுமோ, பற்றாதோ? இவ்வினாவைக் கற்றார் சிலர் எளிதென்று தள்ளுவர். நாடகம் பொய், பொய்யில் நிகழ்ந்த கொலையும் பொய், ஆகலின் வினையில்லை என்று முடித்துவிடுவர். நமக்கு அங்ஙனம் முடித்தல் இயலாது. வினையானது மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவதென்பது நம் துணிபு. நடிகன் எவரையும் கொன்றிலன். ஆயினும் கடுஞ்சொல்லை அவன் வாய் சொல்லியதும், வாளை அவன் கை ஓங்கியதும் பொய்யல்லவே. வல்ல நடிகனாயின் வெகுளியின் சாயல் அவன் மனத்தும் ஒருகால் எழுந்தே தீரும். மூன்று வாயிலும் திறந்துகிடப்ப, வினை உட்புகவில்லை என்போர் அதற்குக் காரணங் காட்டக் கடவர்.

வாக்கினை முதற்கண் எடுத்துக்கொள்வோம். அருணந்தி சிவாசாரியர் தமது சித்தியாரின் பரபக்கத்திலே உலோகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தினரையும் பேசவைக்கின்றார். கடவுளில்லை, உயிரில்லை, மறுமையில்லை என்னும் உலோகாயதன் கூற்றை அவன்தானே சொல்வதினும் திறம்படச் சொல்லியபின்னரே மறுக்கின்றார். அதுபற்றி அவரை இகழ்ந்தார் எவருமிலர். கந்தபுராணம் படிப்போரும் தக்கன் கூறிய சிவநிந்தையை விடாது படித்தே செல்கின்றனர். சொல் ஒருவன் வாயினின்று வந்தமையானே அவனதாகிவிடாது. அவன் அதனைத் தனதென்று பற்றியவழியே அவனதாம். எனவே வாக்கின் வினை மனத்தின்கண்ணே சென்று முடியும். உடலின் செயலுக்கும் இதுவே ஒக்கும். இனி ஆராயவேண்டுவது மனம் ஒன்றேயாம்.

ஈண்டு, உருசிய நாட்டு நாடகப் பேராசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) எழுதிய நூலொன்று நமக்குப் பெரிதும் துணைசெய்கின்றது. நாடகம் பயிலும் மாணவனொருவனுடைய நாட்குறிப்பாக அமைந்தது அது. அவர் மறைவுக்குப் பின் 1949ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கோஸ்த்யா என்னும் அம்மாணவன் வேடம் புனையும் பயிற்சியில் யாதும் வாய்க்கப்பெறாது, சலித்து, முகப்பூச்சைக் கலைப்பான் பச்சைநிறக் களிம்பொன்றை வாரிப் பூசுகின்றான். நிறங்கள் குழம்பிய அம்முகத்தைக் கண்ணாடியிற் கண்டதும் அவனுள்ளே ஒருவன் எழுகின்றான்: எதிலும் குற்றமே காண்கின்ற, பிறர் மனத்தைக் குத்தி மகிழ்கின்ற ஒரு புல்லியன். அவ்வுருவோடு சென்று, தான் பெரிதும் அஞ்சி வழிபடும் ஆசிரியர் முன்னின்று, தானாயின் கனவிலும் சொல்லத் துணியாத சொற்களை நாணமின்றிச் சொல்லுகின்றான். ஆசிரியரோ நடிப்பின் திறங் கண்டு மகிழ்கின்றார்.

பின்னர் அம்மாணவன் எண்ணிப்பார்த்துக் கூறுவன இரண்டு. அப்புல்லியனாய்ப் பேசியபொழுதே, பேசுகின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றொருவனாகவும் தான் இருந்தமை ஒன்று. அப்புல்லியனைத் தான் புறத்தேயிருந்து கொண்டுவரவில்லை, தன் இயல்பினின்றே எடுத்தான் என்பது மற்றொன்று. சித்தாந்தம் பயின்றார் இவ்விரண்டையும் எளிதிற் கடந்துபோகார். உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. படிகம் அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமெனக் காட்டுமாறு போல. நடிகனது திறமையெல்லாம் இவ்வியல்பினின்றே பிறப்பதாம். கல்லுக்கு நடிக்க வாராது. ஆனால் நிறத்தைக் கொண்டபொழுதே ‘இது என்னிறமன்று’ என்று காணும் காட்சி உளதேல், அப்படிகம் கறைப்படுவதில்லை. இனி, புல்லியன் உள்ளிருந்தே வந்தான் என்றது நம்மனோர்க்குப் புதுமையன்று. ஆணவம் எவ்வுயிரையும் அநாதியே பற்றியுள்ளது. கொடியோன் வேடத்துக்கு வேண்டும் முதற்பொருள் எவரிடத்தும் குறைவின்றி இருக்கின்றது. உள்ளே மறைந்துகிடப்பதனை மேடையில் வெளியே நிறுத்தி, வேறாகக் கண்டானாயின், அவனுக்கு நேர்ந்தது கேடன்று. தன்னை அறிதற்கு ஒரு வாயிலே. ஐம்பதாண்டுக்கு மேலாகத் தமிழ்ப் படங்களில் கொடியோனாகவே நடித்த எம்.என். நம்பியார் (1919–2008) ஆண்டுதோறும் நோன்பிருந்து சபரிமலை சென்றுவந்தமை பலரும் அறிந்ததே. காணாதவனோ, வேடத்தின் மறைவிலே ஆணவத்துக்கு ஒருநாள் விருந்திட்டவனாவன். விருந்துண்டது மறுநாளும் வரும்.

இவ்விடத்தே வலிய தடையொன்று நிகழும். வேடம் பொய்யெனின், முத்தநாதன் புனைந்து வந்த பொய்வேடத்தை வணங்கி உயிர்கொடுத்த மெய்ப்பொருள் நாயனார் பொய்யை வணங்கியவராவர். வேடம் மெய்யெனின், கொடியோன் வேடமும் மெய்யாய் நின்று நடிகனைப் பற்றும். இரண்டும் நமக்கு உடன்பாடல்ல. என் செய்வது?

திருவேடத்தின் பயன் யார்க்கு எய்திற்று என்று நோக்குக. நீறும் சடையும் தாங்கி, புத்தகக் கவளியுள் படைக்கலம் மறைத்து வந்த முத்தநாதனுக்கு அவ்வேடத்தால் யாதொரு தூய்மையும் வந்ததில்லை. அன்போடு கண்ட நாயனாருக்கே அது சிவமாய் விளங்கிற்று. தயிரில் நெய் போல இறைவன் அடியாரிடத்து விளங்கிநிற்பன் என்றது காண்பாரது அன்பின்கண் வைத்தேயாம். கொடியோன் வேடத்தில் அத்தகைய தெய்வவிளக்கம் இல்லையென்பது சொல்லவேண்டா. எனினும் இவ்வளவில் இரண்டும் ஒக்கும்: வேடம் தன் ஆற்றலைக் காண்பவர்மேலே செலுத்துகின்றது. ஆகவே நடிகன் தன்னைக் காத்துக்கொண்ட அளவில் நம் வினா முடிந்ததாகாது.

இதனை வாழ்விற் கண்டவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). இரணியன், யமன், சனி முதலிய வேடங்களில் அவர் அஞ்சத்தக்க நடிகராய் விளங்கினார். சனிவேடத்தோடு விடியற்போதில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு ஒரு பெண் அச்சத்தால் உயிர்நீத்தாள் என்றும், யமனாக மேடையிற் பாய்ந்துவந்தபொழுது கருவுற்றிருந்தாள் ஒருத்திக்குக் கருச்சிதைந்தது என்றும் அவர் வரலாறு கூறுவோர் எழுதுவர். அதன்பின் அவர் நடிப்பை விடுத்து, நாடகம் எழுதுதலையும் பயிற்றுதலையுமே மேற்கொண்டார். தம்மை வினை பற்றுமென்று அஞ்சி விட்டாரென்பார் உளர். நாம் அவ்வாறு கொள்ளோம். கருதாது செய்ததாயினும் ஓருயிர்க்கு அகிதம் விளைந்தது. அதனைக் கண்டபின்னும் அவ்வேடத்தையே புனைந்திருப்பின் அது கருதிச்செய்ததாய்விடும். விட்டது கருணையினால் என்க.

ஆயினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகின்றது. சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். நடித்தோர் சிறுவர், டி.கே. சண்முகம் அச்சபையிற் சேர்ந்தபொழுது ஆறு வயதினர். முதிர்ந்த தாம் இறக்கிவைத்த இரணியனைச் சிறுவர் தோளில் ஏற்றலாமோ? பார்வையாளர்க்கு அச்சம் குறையும் என்பது மெய்யே. ஆனால் காண்பவன் இவன், காணப்படுவது இது என்னும் பிரிவுணர்வு முதிராத பருவம் அது. அடுத்ததன் நிறத்தை அப்படிகம் விரைந்து கொள்ளும். விடுவதற்குத்தான் துணை வேண்டும். அத்துணை ஆசிரியனேயாவன். வேடங்களைப் பங்கிட்டுப் பாடங்கேட்பித்த அளவில் அவன் பணி முடிவதில்லை.

இதுகொண்டு சிறுவர்க்குக் கொடியோன் வேடமே கூடாதென்று விலக்குவோமல்லேம். முத்தநாதனை நீக்கிவிட்டு மெய்ப்பொருள் நாயனார் சரிதத்தை எங்ஙனம் நடிப்பது? அதிலும், கொடியோன் பூண்ட அடியார் வேடத்தை நல்லதொரு பிள்ளை பூண்டு வருகின்றான். அவையிலுள்ளார் அவன் நீறு கண்டு கைகூப்புவதா, வாள் கண்டு வெறுப்பதா என்பதே தனியாராய்ச்சிக்குரியது. பாடசாலையில் அந்நாடகம் நடிப்பித்தால், மறுநாட் காலையில் முத்தநாதனாய் நின்ற மாணவனை அழைத்து, அரசன் தன் காலடியில் அமர்ந்தபொழுது முத்தநாதன் யாது நினைத்திருப்பான் என்று ஆசிரியர் வினவுக. ‘அவன் இன்னது நினைத்தான்’ என்று சொல்லுகின்றானா, ‘நான் நினைத்தேன்’ என்று சொல்லுகின்றானா என்று மட்டும் செவிகொடுத்துக் கேட்க. பின்னதாயின், அடுத்த ஆண்டு அவனுக்குத் தத்தன் வேடம் கொடுக்கலாம்.