வரப்பு

(ராயகிரி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டுத் திண்ணை. எதிரே அவரிடம் படித்தவன். ஊரின் பெரிய தோப்புக்காரர் ஒருவரிடம் இப்போது கணக்கு எழுதுகிறான்.)

சீடன்: வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன், ஐயா.

ஆசிரியர்: சம்பளத்தில் குறையா?

சீடன்: சம்பளத்தில் குறை இல்லை. முதலாளிதான். ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். "ஏலே, சம்பந்தி வீட்டுக்காரவ வந்திருக்காவ, விடியக்காலம் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போ" என்பார். கணக்கு எழுதப் போனவன் டிரைவராகிவிட்டேன். என் தங்கைக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். திட்டினாலாவது எதிர்த்துப் பேசலாம். "நீ நம்ம வீட்டுப் பிள்ளை" என்றல்லவா சொல்கிறார்!

ஆசிரியர்: வீட்டுப் பிள்ளையை உட்காரச் சொல்வாரா?

சீடன்: இதுவரை இல்லை.

ஆசிரியர்: அப்போது வேலை சொல்வதற்கு மட்டும்தான் நீ பிள்ளை.

சீடன்: புலித்தேவன் மண்ணில் பிறந்துவிட்டு இப்படிக் கைகட்டி நிற்கிறோமே என்று உறுத்துகிறது.

ஆசிரியர்: அவரை இதில் இழுக்காதே. 1755-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரான் பீரங்கியோடு வந்து கப்பம் கேட்டபோது, நெற்கட்டும்செவல் பாளையக்காரரான அவருக்கு உள்ளே நின்று மறுப்பதற்கு ஒரு கோட்டை இருந்தது. 1761-ல் கம்பெனித் தளபதி யூசுப்கான் வந்தபோது அந்தக் கோட்டையும் விழுந்தது. உனக்கு இருப்பது தவணையில் வாங்கிய பைக். அதற்கு முன்பணம் யார் கொடுத்தது?

சீடன்: முதலாளிதான். தங்கையின் காலேஜ் பீஸும் அவர்தான் கட்டினார்.

ஆசிரியர்: எழுதி வைத்திருக்கிறாயா?

சீடன்: "அதெல்லாம் எதுக்குலே, இருக்கும்போது கொடு" என்றார்.

ஆசிரியர்: ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன் இதை மட்டும் எழுதவில்லை! பக்கத்து வயல்காரன் ஒரே நாளில் நிலத்தைப் பிடுங்குவதில்லை, தம்பி. உழவுக்கு உழவு வரப்பைக் கொஞ்சம் சீவுவான். நீ சண்டைக்குப் போகிற வருஷம் நாலு சென்ட் போயிருக்கும். "இத்தனை நாளா சும்மா இருந்துட்டு இப்ப என்னடே?" என்று ஊரும் அவன் பக்கம் பேசும். பத்து மணிப் போனை நீ முதல் சீவல் என்று நினைக்கிறாய். அதற்கு ரொம்ப முன்னாலேயே, அளவு சொல்லாமல் வாங்கிய பணத்தில் அது நடந்துவிட்டது.

சீடன்: ஆபத்துக்கு உதவியவரை அப்படிச் சொல்லலாமா? நன்றி கெட்டதனம் இல்லையா?

ஆசிரியர்: அவர் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் இவ்வளவு என்று தெரிந்தால்தானே ஒரு கடனை அடைக்க முடியும்? தெரியாததற்கு நீ காலம் முழுக்க வட்டி கட்டுவாய், உன் ராத்திரிகளையும் தங்கையின் கல்யாணத்தையும் சேர்த்து. நன்றி மனசுக்குள் இருக்கட்டும், பணம் நோட்டில் இருக்கட்டும். திருக்குறளில் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்று ஓர் அதிகாரம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா?

சீடன்: அரசனிடம் ரொம்ப நெருங்காமலும் விலகாமலும், தீக்காய்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது.

ஆசிரியர்: அதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அடுத்த குறளில் நிற்கமாட்டார்கள். அரசன் ஆசைப்படுவதற்கு நீ ஆசைப்படாதே என்கிறார் வள்ளுவர். எனக்கு அதிகாரம் முழுக்க அந்தக் குறளில் இருப்பதாகப் படும். அவர் காரில் போகும் சுகம், அவர் பேரைச் சொல்லி ஆபீசில் வரிசை தாண்டும் சுகம், இதெல்லாம் உனக்கும் கொஞ்சம் பிடித்திருக்கிறதா இல்லையா?

சீடன்: (தயங்கி) தாலுகா ஆபீசில் அவர் பேரைச் சொன்னால் உடனே வேலை முடிகிறது.

ஆசிரியர்: அதற்கும் சேர்த்துத்தான் கைகட்டி நிற்கிறாய்.

சீடன்: அப்படியானால் பெரியவர்கள் பக்கமே போகக் கூடாதா?

ஆசிரியர்: போகாமல் முடியுமா? பாரதியைப் பார். சின்ன வயதிலேயே 'பாரதி' என்ற பட்டத்தைக் கொடுத்தது எட்டயபுரத்து அவை. காசியிலிருந்து திரும்பி அந்த ஜமீனிலேயே வேலை பார்த்தார். அரண்மனைச் சோறு. அதை விட்டு 1904-ல் மதுரை சேதுபதி பள்ளிக்கு வந்தார். அதுவும் தற்காலிகத் தமிழாசிரியர் வேலை, மூன்று மாதம் சொச்சம். அங்கிருந்து சென்னைக்கு, சுதேசமித்திரன் பத்திரிகைக்கு. பிறகு சின்னச் சங்கரன் கதையில் ஜமீன் வாழ்க்கையைப் பிடித்து உலுக்கினார். அரண்மனையில் இருந்துகொண்டு அதை எழுதியிருக்க முடியுமா?

சீடன்: ஆனால் ஐயா, அதே பாரதி கடைசியில் எட்டயபுரம் ஜமீன்தாருக்கே சீட்டுக்கவி எழுதிப் பரிசு கேட்டாரே! நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்.

ஆசிரியர்: மறக்கவில்லையா? சரி. 1918 கடைசியில் கடலூர் சிறையிலிருந்து வெளியே வந்து, நம் கடையத்தில், மனைவியின் ஊரில் வந்து இருந்தார். கையில் காசில்லை. 1919 மே மாதம் அந்தச் சீட்டுக்கவி. அதை எடுத்துப் படித்துப் பார். "ஐயா, பசிக்கிறது" என்று ஒரு வரி இருக்காது. தமிழுக்குப் பெரிய புலவர் இல்லை என்ற வசை என்னால் ஒழிந்தது என்கிறார். சால்வை, பொற்பை, பல்லக்கு கொண்டு என்னைக் கௌரவி என்கிறார். இன்னதுதான் தருகிறேன், இன்னதுதான் வேண்டும் என்று இரண்டு பக்கத்தையும் எழுதிக் கேட்கிறார். ஜமீன் கண்டுகொள்ளவில்லை. மறுவருஷம் சுதேசமித்திரனுக்கே வேலைக்குப் போனார். கேட்பதில் இழிவு இல்லையப்பா.

சீடன்: அவர் பாரதி. நீங்கள் பென்ஷன்காரர். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். நான் என்ன செய்ய?

ஆசிரியர்: (சற்று நேரம் கழித்து) நியாயமான அடி. என் தைரியத்தில் பாதி கருவூலத்திலிருந்துதான் வருகிறது. என் தாத்தா ஜமீன் கச்சேரி வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். கோழை என்பதால் அல்ல. உழுத நிலம் அவர் பேரில் இல்லை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, பட்டா கையில் கிடைத்த பிறகு என் அப்பா அதே துண்டைத் தோளில் போட்டார். தனி மனுஷனின் மானத்தைப் பற்றி அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறோம். நிற்கக் காலடி மண் இல்லாதவனிடம் போய் "நிமிர்ந்து நில்" என்று சொல்வது கொடுமை. நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது தோப்புக்காரர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

சீடன்: கூலி ஏறிவிட்டது என்றார்கள்.

ஆசிரியர்: கூலி மட்டுமா? "இன்றைக்கு வரலை" என்று சொல்ல ஓர் ஆளுக்கு வாய் வந்துவிட்டதே! உனக்கும் அப்படி ஒரு மண் வேண்டும். கூட்டுறவு சங்கத்திலோ பாங்கிலோ கடன் எடுத்து இவருடையதை அடை. அங்கேயும் வட்டி உண்டு. ஆனால் மேனேஜர் ராத்திரி பத்து மணிக்கு அருவிக்குக் கூட்டிப்போகச் சொல்ல மாட்டார்.

சீடன்: அதுவரை போன் வந்தால்? உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா?

ஆசிரியர்: சொன்னால் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். பொய்க் காரணம் வேண்டாம். மெய்க் காரணமும் வேண்டாம். காரணம் சொன்னால் அதை அவர் சரிசெய்து கொடுப்பார், பெரிய மனிதர் அல்லவா! "எட்டு மணிக்கு மேல வர முடியாது மொதலாளி, காலையில ஒன்பதுக்கு வந்திருவேன்." அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் அதையே அதே மரியாதையோடு திருப்பிச் சொல். குரல் ஏறக் கூடாது. இன்னொன்று, டீக்கடையில் அவர் மாதிரி பேசிக் காட்டுகிறாயாமே?

சீடன்: யார் சொன்னது?

ஆசிரியர்: ஊரே சொல்கிறது. அதை நிறுத்து. முதுகுக்குப் பின்னால் சிரித்து ஆற்றிக்கொள்கிற கோபம் முகத்துக்கு முன்னால் வேலைக்கு ஆகாது.

சீடன்: சொல்லிப் பார்க்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை...

ஆசிரியர்: ஞாயிறு வேண்டாம். அவர் வீட்டில் நாலு பேர் கூடியிருப்பார்கள். அவர்கள் முன்னால் அவரால் இறங்கிவர முடியாது. திங்கள் காலையில் தனியாகப் போ. வாங்கியதையெல்லாம் தேதி போட்டு எழுதி, முதல் தவணையை எண்ணி எடுத்துக்கொண்டு போ.

சீடன்: வாங்க மாட்டார், ஐயா.

ஆசிரியர்: வாங்காவிட்டால் மேசையில் வைத்துவிட்டு, பேரேட்டில் வரவு எழுது. கணக்குப்பிள்ளை நீதானே?