காவடிக்கு முன் தோளுக்கும் ஒரு விரதம்

ரவாங்கிலிருந்து செரண்டா போகும் சாலையில் இருக்கிறது சுங்கை சோ. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் உழைத்த தலைமுறைக்கு இடுப்புப் பிடிப்பு என்றால் கோடாலித் தைலம்தான். தேய்த்து உருவிவிட்டால் இரவு தூக்கம் வரும். மறுநாள் அண்ணாந்து நின்று செம்பனைக் குலையை அறுத்து, இருபது கிலோவைத் தூக்கியதும் பிடிப்பு திரும்பி வந்துவிடும்.

ஏன்? புட்டத்துத் தசையும் வயிற்றுத் தசையும் வலுவிழந்தால், அவை தாங்க வேண்டிய பாரம் முதுகின் சிறு தசைகள்மேல் விழுகிறது. அவை ஓயாமல் இறுகிக் காவல் நிற்கின்றன. உருவிவிடுவது காவலாளியைச் சற்று உட்கார வைக்கும்; காவலுக்கான காரணம் அப்படியேதான் இருக்கும். எல்லாப் பிடிப்பும் பலவீனத்தால் வருவதில்லை என்பதும் உண்மை. நரம்புக் கோளாறு, தூக்கக் குறைவு, மனக்கவலைக்கும் அதில் பங்குண்டு.

டென்மார்க் ஆய்வாளர்கள் 2014இல் 25 ஆய்வுகளை, 26,610 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தசையை நீட்டி இழுக்கும் பயிற்சி விளையாட்டுக் காயங்களைக் குறைத்ததாகத் தெரியவில்லை. வலுப்படுத்தும் பயிற்சியோ அவற்றை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியிருந்தது.

இனி பத்துமலை முருகன் கோயிலுக்கு வருவோம். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. 48 நாள் விரதம் இருப்பவர் நாவையும் வயிற்றையும் மனத்தையும் அடக்குகிறார். காவடி சுமக்கப்போகும் தோளையும் முழங்காலையும் மட்டும் முருகன் பொறுப்பில் விட்டுவிடுகிறார். உடற்பயிற்சி செய்தால் சரணாகதி குறைந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மரக்கறி உண்டு பாயில் படுப்பதை முருகன்மேல் அவநம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லையே! ஆயத்தம் பக்திக்குள் அடங்குமென்றால் தோளுக்கு மட்டும் ஏன் விலக்கு? உடம்பை இழிவென்று எண்ணியிருந்த திருமூலர், உள்ளே இறைவனைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். பதஞ்சலியும் ஆசனத்துக்கு முதலில் கேட்பது உறுதி, சுகம் அதற்கடுத்துத்தான். நேர்த்திக்கடனில் வலியைக் காணிக்கையாகத் தரலாம். சவ்வு கிழிந்த முழங்காலை எந்த முருகனும் கேட்டதாகத் தெரியவில்லை.

பத்துமலைக் குகைக்கு 272 படி ஏறுவதைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். குகையில் காவடியை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டியிருக்கிறது. களைத்த முழங்கால் மடங்குவது அங்கேதான். விரதம் தொடங்கும் அன்றே, வீட்டுப் படிகளில் மெதுவாக இறங்கிப் பழகத் தொடங்கலாம்.