விசாரிக்காத தீர்ப்பு

ஆம்புலன்ஸ் கூவிக்கொண்டு வந்தால் நம் ஜனங்கள் வழிவிடுகிறார்கள். மற்ற விஷயங்களில் நம்மிடம் ஆயிரம் குறை சொல்லலாம். இந்த ஒன்றில் அதிகம் சொல்வதற்கில்லை. ஏற்காட்டு ஒண்டிக்கடைச் சந்திப்பில், மே மாதத்துக் கோடை விழாக் கூட்டத்தில், கார்களும் வேன்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட, அந்தக் கூவலைக் கேட்டதும் எப்படியோ ஒரு சந்து பிறந்துவிடுகிறது. பெயரைக் கேட்டால் ஏதோ ஒரே ஒரு கடை ஒண்டியாக நின்ற இடம் என்று தோன்றும். இன்று அங்கே கடைக்கும் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. அந்த நெரிசலிலும் வழி கிடைக்கிறதே, அது பெரிய காரியம்தான்.

ஆனால் அந்த மரியாதையெல்லாம் போகிற வண்டிக்குத்தான். திரும்பி வருகிற வண்டியை யாரும் பார்ப்பதில்லை. கூவல் இல்லாமல், விளக்குச் சுழலாமல், அது தன் பாட்டுக்கு வந்து ஓரமாக நிற்கிறது. உள்ளே இருவர்: வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், அவசரகால மருத்துவ உதவியாளர் ஒருவர். பின்பக்கத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். அடுத்த அழைப்பு வரும் வரையில் டீ குடிக்கிறார்கள். அந்த டீயைக் குடிக்கும்போது அவர்கள் மனத்தில் என்ன ஓடுகிறது? அதைக் கேட்பது நம் வேலையா, இல்லையா?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி மாலை, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று அந்தப் பாதையில் உருண்டு கீழே விழுந்தது. இறந்தவர்கள் உண்டு, காயம்பட்டவர்கள் மிகப் பலர். மறுநாள் பத்திரிகைகள் இரு கணக்கையும் எண்ணிப் போட்டன. எண்ண வேண்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு விபத்திலும் மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. ஓடிப் போய்த் தூக்கியவர்களின் கணக்கு அது. தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், 108 ஊழியர், அக்கம்பக்கத்துத் தோட்டத் தொழிலாளி. அவர்கள் உடம்பில் காயம் இல்லாததால் அவர்களை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். நாடே அழுதது. அந்தக் குழந்தைகளை வெளியே தூக்கி வந்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள் அன்று இரவு வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளை எப்படித் தொட்டார்கள் என்று எத்தனை பேர் யோசித்தோம்?

குறிப்பிட்ட எந்த விபத்தையும் சேர்க்காமல், கற்பனையாக ஒரு 108 ஊழியரை எடுத்துக்கொள்வோம். வயது முப்பது. மலையில் ஓர் அழைப்பு. போகிறார். ஒரு சிறு பையன். வண்டியில் ஏற்றிச் சேலம் அரசு மருத்துவமனைக்கு இறக்குகிற வழியிலேயே உயிர் போய்விடுகிறது. அவ்வளவுதான். அடுத்த நாளும் வேலைக்கு வருகிறார். பேச்சு குறைகிறது. தூக்கம் போகிறது. அந்த வளைவு வந்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். உள்ளே ஒரே ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது: ‘ஐந்து நிமிஷம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பான். நான்தான் கொன்றேன்.’

பயங்கரங்களைப் பார்த்த கண் கெட்ட கனவு காண்பது இயற்கை. அதைவிடக் கொடியது இந்த வாக்கியம். பார்த்ததைக் காலம் கொஞ்சம் மங்கச் செய்யும். தீர்ப்பை எந்தக் காலமும் மங்கச் செய்வதில்லை.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஏரன் பெக் என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். நூறு வயது வாழ்ந்து 2021-ல் மறைந்தார். 1960-களில் அவர் கண்டது இதுதான்: மனம் சோர்ந்தவர்களுக்குள்ளே, அவர்கள் அழைக்காமலேயே, தங்களைப் பற்றிய சில வாக்கியங்கள் சரசரவென்று ஓடுகின்றன. அவற்றை அவர்கள் எண்ணங்கள் என்று நினைப்பதில்லை, உண்மைகள் என்றே நினைக்கிறார்கள். அந்த வாக்கியத்தைப் பிடித்து நிறுத்தி, காகிதத்தில் எழுதி, ‘இதற்குச் சாட்சி என்ன? எதிர்ச்சாட்சி என்ன?’ என்று கேட்கப் பழக்குவது அவருடைய சிகிச்சையின் பாதி. பயந்து ஒதுங்கியவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போவது மறு பாதி. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டாலே நோயாளி ஓடிவிடுவார்! விஷயம் என்னவோ எளியது.

கனடாவில் ரெஜைனா பல்கலைக்கழகத்தார் இதைப் போலீசார், தீயணைப்போர், ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோருக்கென்றே பாடங்களாக வகுத்து, இணையத்தின் வழியே கற்றுக்கொடுக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து, தூங்க முடியாத நேரத்தில், பாடத்தைப் படிக்கலாம். தன் வாக்கியத்தை எழுதலாம். மறுமுனையில் ஒரு சிகிச்சையாளர் படித்துப் பதில் எழுதுவார். நம் நாட்டில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணைச் சுற்றினால் இரவும் பகலும் தமிழில் பேச ஆள் உண்டு. தமிழகப் போலீசாருக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு நிறைவாழ்வுப் பயிற்சியும் நடந்திருக்கிறது. நல்ல தொடக்கங்கள். ஒரு தொடர் பாடமாக, இந்தத் தொழில்காரர்களின் பேச்சு மொழியிலேயே, கையிலுள்ள தொலைபேசிக்குள் வர வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் ஒரு நியாயமான ஆட்சேபம் எழுகிறது. ‘குற்ற உணர்ச்சி என்பது மனிதனுக்குள் இருக்கிற தர்மத்தின் குரல் அல்லவா? அதைப் பாடம் சொல்லி அடக்கிவிட்டால், நாளைக்கு அவன் எவன் செத்தாலும் கவலைப்படாத கல்லாகிவிட மாட்டானா? குற்ற உணர்ச்சி இல்லாத போலீஸ்காரனை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம், ஐயா; இருக்கிற இரண்டு பேரையும் கெடுக்காதீர்கள்!’

இந்த ஆட்சேபத்தின் வேர் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் அரியணையிலேயே உயிர்விட்ட பாண்டியனை நாம் தலைமுறை தலைமுறையாகப் புகழ்ந்து வந்திருக்கிறோம். குற்றத்துக்கு விலை உயிர் என்பது நம் ரத்தத்தில் ஊறிய எண்ணம். பள்ளிக்கூடத்தில் நானும் அந்தப் பாண்டியனுக்காகக் கண்ணீர் விட்டவன்தான்.

ஆனால் சிலம்பின் கதையை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். பாண்டியன் செய்த குற்றம் என்ன? ஒரு பொற்கொல்லன் சொன்ன ஒற்றைச் சொல்லை நம்பி, விசாரிக்காமல், கோவலனுக்குத் தண்டனை கொடுத்தான். கண்ணகி வந்து என்ன செய்தாள்? சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்தது முத்து அல்ல, மாணிக்கம். முதலிலேயே உடைத்துப் பார்த்திருந்தால் ஓர் உயிரும் போயிருக்காது.

தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் அந்த 108 ஊழியர் என்ன செய்கிறார்? பாண்டியன் கோவலனுக்குச் செய்ததையே தமக்குச் செய்துகொள்கிறார். பொற்கொல்லனாகிய பயம் ஒரு வார்த்தை சொல்கிறது. நீதிபதி உடனே பேனாவை எடுத்துவிடுகிறார். விசாரணையே கிடையாது. இதைத் தர்மத்தின் குரல் என்று எப்படிச் சொல்வது? இது அநீதி. அநீதி நமக்கு நாமே இழைத்துக்கொண்டாலும் அநீதிதான். பிறருக்கு ஒரு நீதி, தனக்கு ஒரு நீதி என்று வைத்திருப்பவன் சுயநலக்காரன் மட்டுமல்ல. தன்னை மட்டும் சாட்சியில்லாமல் தூக்கிலிடுகிறவனும் அந்த வகையைச் சேர்ந்தவனே.

விசாரித்தால் என்ன கிடைக்கும்? அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, வண்டி எப்போது புறப்பட்டது, எத்தனை வளைவு, எவ்வளவு மூடுபனி, பையனுக்கு எங்கே அடி என்று ஒவ்வொன்றாக எழுதினால், அந்த ஐந்து நிமிஷம் மலையுடையது, அவருடையது அல்ல என்று தெரியவரலாம். 20 வளைவுகளை எந்த மனிதனும் நேராக்கிவிட முடியாது.

வேறு விதமாகவும் தெரியவரலாம். இதை மறைக்கக்கூடாது. ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காலையில் சரிபார்க்காமல் விட்டது உண்மையாக இருக்கலாம். அப்போது இந்தச் சிகிச்சை பொய்ச் சமாதானம் சொல்லுமானால் அதை நான் முதலில் எதிர்ப்பேன். நல்ல சிகிச்சை அப்படிச் சொல்வதில்லை. குற்றத்தை அது அழிப்பதில்லை, அளக்கிறது. சிலிண்டரைப் பார்க்காதது சிலிண்டரைப் பார்க்காத குற்றம். அதற்குப் பரிகாரம் உண்டு: மேலதிகாரியிடம் ஒப்புக்கொள்ளலாம், இனி ஒரு நாளும் தவறாமல் பார்க்கலாம், புதிதாக வருகிறவனுக்குக் கற்றுக்கொடுக்கலாம். ‘நான் கொலைகாரன்’ என்பதற்கு எந்தப் பரிகாரமும் கிடையாது. பரிகாரம் செய்ய முடியாத அளவுக்குப் பெரிதாக்கப்பட்ட குற்றத்தால் இறந்தவனுக்கும் பயன் இல்லை, அடுத்து அழைக்கப்போகிறவனுக்கும் பயன் இல்லை.

இன்னோர் ஆட்சேபம் இருக்கிறது. அதற்கு என்னிடம் இவ்வளவு சுலபமான பதில் கிடையாது. ‘கெட்டது மனசா, வேலையா?’ என்று கேட்கிறார்கள். 108 வண்டியில் 12 மணி நேர ஷிப்ட். தமிழகப் போலீஸ்காரருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று ஆணை பிறந்ததே 2021-ல்தான். ஏட்டில் இருக்கிற ஓய்வு எல்லா ஸ்டேஷனிலும் கைக்குக் கிடைக்கிறதா என்பதை அவர்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ‘எனக்கு ஓய்வே இல்லை’ என்று அவர் எழுதினால், அது மனம் திரித்துச் சொன்ன வாக்கியம் அல்ல. சாட்சி கேட்டால் வருகைப் பதிவேடே சாட்சி சொல்லும். அந்த வாக்கியத்தை அவர் மனத்திலே திருத்தப் பார்க்கிற சிகிச்சை, சிகிச்சை அல்ல, ஏமாற்று. அதைத் திருத்த வேண்டிய இடம் தலைமைச் செயலகம். எந்த வாக்கியம் அவர் மனத்தில் திருந்த வேண்டியது, எது அரசாங்கத்தின் கோப்பில் திருந்த வேண்டியது என்று பிரித்தறியாமல் கையில் ஒரு தொலைபேசிப் பாடத்தைக் கொடுப்பது, கடன்காரன் வட்டி கேட்டதற்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு ஒப்பாகும்.

முகம் பார்க்காமல் மனசைத் திறக்க முடியுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நானும் முகத்தை நம்புகிறவன். ஆனால் காக்கிச் சட்டை போட்டவர் மனநல மருத்துவரின் வாசற்படி ஏறினால் மறுநாள் ஊரில் என்ன பேசுவார்கள் என்பதையும் அறிந்தவன். ஒண்டிக்கடை போன்ற சிறிய ஊரில் யார் எந்தக் கதவைத் தட்டினார் என்பது டீ ஆறுவதற்குள் பரவிவிடும். 2023 ஜூலையில் கோவைச் சரகத்தின் போலீஸ் துணைத் தலைவர் ஒருவரே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று வந்தவர் என்று துறையின் உயரதிகாரிகள் அன்றே தெரிவித்தார்கள். அவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தவரையும் இந்தத் துன்பம் விடவில்லை என்றால், மலையடிவாரத்துக் காவலர் எந்தத் தைரியத்தில் வாய் திறப்பார்? வெட்கம் காவல் நிற்கிற வாசலில், முகம் தெரியாத வழி ஒன்று இருப்பது நல்லது. ஆனால் அது முதல் வழியே தவிர முழு வழி அல்ல. உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தவருக்குப் பாடம் போதாது. அந்தக் கணமே ஒரு மனிதக் குரலும், பக்கத்தில் ஒரு துணையும் வேண்டும்.

கடைசியாக ஒரு காரியம் உண்டு. ராத்திரி உட்கார்ந்து அவர் எழுதுகிற வாக்கியங்கள் யார் கைக்குப் போகும்? மனநலச் சிகிச்சையின் ரகசியத்தை 2017-ஆம் வருஷத்துச் சட்டம் நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. இருந்தாலும் பாடத்தை நடத்துவது துறையே என்றால், பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது அந்த ஏடு யாருடைய மேஜையிலாவது திறக்குமோ என்ற பயம் அவருக்கு இருக்கத்தான் செய்யும். அந்தப் பயம் இருக்கும் வரையில் அவர் உண்மையை எழுத மாட்டார். ‘எல்லாம் நலம்’ என்று எழுதுவார். ஆகவே பாடத்தைத் துறைக்கு வெளியே ஒரு மருத்துவ நிறுவனம் நடத்தட்டும். படிக்கிற நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ணிச் சம்பளம் கொடுக்கட்டும். அவருக்கு அபூர்வமாகக் கிடைக்கிற அந்த ஒரு நாள் ஓய்விலிருந்து பிடுங்க வேண்டாம்.