டிக்கட்டு விலையும் பித்ரு ரிணமும்

முன்னோர் பட்ட துன்பத்தைத் திரைப்படமாக்கி விற்பது தர்மத்துக்கு ஒத்ததா என்ற கேள்வி, 2016 ஜூலை 22-ஆம் நாள் பா. ரஞ்சித்தின் 'கபாலி' வெளிவந்ததிலிருந்து, மலேசியத் தமிழருக்கு வெறும் தத்துவ விசாரமாக இல்லாமல் அவர்தம் குடும்ப சரித்திரத்தையே தொடும் கேள்வியாயிற்று. மலேசியத் தோட்டத் தொழிலாளருக்குச் சம ஊதியம் கேட்டு நின்ற கபாலி என்ற தமிழனின் கதை அது. அதற்கு விளம்பரமாக ஏர்ஏசியா விமானமொன்றின் மேனியில் நாயகனாக நடித்த ரஜினிகாந்தின் உருவம் தீட்டப்பட்டது. இந்தியாவில் துப்பாக்கி ஓசையோடு ஐயத்தில் முடிந்த படம், மலேசியாவில் நாயகன் போலீசாரிடம் சரணடைந்தான் என்ற வாசகத்தோடு முடிந்தது. சந்தைக்காக வேஷம் கட்டவும் சட்டத்துக்காக முடிவை மாற்றிக்கொள்ளவும் இசைகிற ஒன்று கலையா, சரக்கா?

அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்து ஹாலிவுட்டின் அருகிலேயே வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர்கள் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும், கலை தொழிற்சாலை உற்பத்தியாகிவிட்டது என்று 1940-களில் கடுந்தீர்ப்பு எழுதினார்கள். நம் மரபோ அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவே பொருளுக்கும் ஓர் ஆசனம் அளித்து, ஈட்டுவதை நிந்திக்காமல், அறத்தின் ஆக்ஞைக்கு அடங்காமல் ஈட்டுவதையே நிந்தித்தது. சிற்பிக்குக் கூலி கொடுத்ததால் விக்கிரகத்தின் தெய்வத்தன்மை குன்றியதில்லை. ஆகவே டிக்கட்டு விற்றது பாவமன்று.

ஆனால் பிறர் துன்பத்தை மூலதனமாகக் கொண்ட வியாபாரத்தில், வசூல் என்ற வரவுக்கு எதிரே பித்ரு ரிணம் என்ற முன்னோர் கடனும் பற்றாக எழுதப்பட வேண்டும். மலேசியாவின் கேமரன் மலையில் 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, சில கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையுமே துணையாக இருக்க, காட்டை வெட்டிச் சரிவைத் திருத்தியவை கூலிகளின் கைகள். அந்த மலைகளில் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து அந்த லயத்திலேயே மடிந்த தமிழர், இன்று உல்லாசப் பயணிகள் படமெடுத்து மகிழும் பசுமையின் விலையில் பங்கு பெற்றவரல்லர். அவர்களுக்குப் பட்ட கடன், படம் பார்த்துச் சிந்திய கண்ணீரால் தீர்வதில்லை.

அக்கடனை இனி யாரிடம் செலுத்துவது? இன்று அதே சரிவுகளில் கொழுந்தெடுப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் பலர். அவர்கள் நம் குலத்தவர் அல்லரே என்று தயங்குவோர்க்கு இராமலிங்க அடிகளின் ஜீவகாருண்ய சித்தாந்தமே விடை தரும்: ஓருயிர் படும் துன்பம் கண்டு மற்றோருயிர் உருகுவது இரத்த உறவால் அன்று, ஆன்மாக்கள் யாவும் இயல்பிலேயே சகோதர உரிமை உடையவை என்பதால். கபாலி தன்னவர்க்குக் கேட்ட நியாயமான ஊதியத்தை, நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று கூடை சுமந்து நிற்கும் அந்த அயலார்க்கும் சேர்த்து நாம் கேட்கும்போதுதான், அந்தப் படத்துக்குரிய முழு விலையையும் கொடுத்தவர்களாவோம்.