யாருடைய நேரம்?

அமெரிக்காவில் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகரை நிர்ணயிக்க முதனிலைத் தேர்தல்கள் நடைபெறுகின்றன. 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் செனட்டர் மெக்கார்த்திக்காக மாணவர் பலர் வீடு வீடாய்ச் சென்று வாக்குக் கேட்டனர். அவர் நூற்றுக்கு 42 வாக்குப் பெற்றார். அம்மாதக் கடைசியில் ஜனாதிபதி ஜான்சன் போட்டியினின்று விலகினார். ஆகவே, கதவைத் தட்டுவது அற்பக் காரியமன்று.

ஆனால் கைக்குழந்தையுள்ள தகப்பன் இத்தொண்டுக்குப் போகலாமா? “பிள்ளையின் வருங்காலத்துக்காகவே போகிறேன்” என்பான். மெய்தான். எனினும் அவன் கொடுக்கும் மாலைப்பொழுது யாருடையது? உறக்கமின்றிப் பிள்ளையை ஏந்தியிருக்கும் மனைவியுடையதல்லவா? அவளைக் கேளாமல் கொடுப்பது, பிறர் பொருளை எடுத்துத் தருமம் செய்வதாகும்.

கேட்டுப் போகட்டும். மறுவாரம் அவள் போகட்டும், அவன் தொட்டிலாட்டட்டும். அப்போது இருவரும் தொண்டரே.