வீடு தகையும் வரை

திருச்செந்தூர் முருகனிடம் மக்கள் கொண்டுவரும் வேண்டுதல்களில் கல்யாணமும் பிள்ளைவரமும் காலங்காலமாக உள்ளவை. இந்நாளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "முருகா, அந்த வீடு நல்லபடியா கைமாறணும்." செவ்வாய் பூமிகாரகன், செவ்வாய்க்கு அதிதேவதை முருகன். அதனால் மனை, வீடு, நிலம் என்று எந்தக் குறையானாலும் அவனிடம் சொல்லிவிடுவது நம் வழக்கம். சென்னைப் பக்கத்தில் இருப்பவர்கள் சிறுவாபுரிக்குப் போய் ஆறு செவ்வாய்க்கிழமை வழிபடுகிறார்கள். தென்கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் செந்திலாண்டவன் இருக்கிறான்.

இந்த வேண்டுதலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே கதைதான். பெற்றோர் பாடுபட்டுக் கட்டிய வீடு. பிள்ளைகள் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ நிலைத்துவிட்டார்கள். அப்பா போனார், பிறகு அம்மாவும் போனார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று. புரோக்கர் அவ்வப்போது பார்ட்டியைக் கூட்டிவருகிறார். ஒருவருக்கு வாசல் பார்த்த திசை பிடிக்கவில்லை. ஒருவருக்கு பாங்க் லோன் கிடைக்கவில்லை. லாட்ஜ் கட்டலாம் என்று வந்தவர் தெரு குறுகல் என்று திரும்பிவிட்டார். ஆடி பிறந்தால் பேச்சு நின்றுபோகும், மார்கழியிலும் அப்படியே. "என்ன ஆச்சு?" என்று கேட்டால், "இன்னும் தகையல அண்ணாச்சி" என்பதே பதிலாக இருக்கிறது.

இந்தக் காத்திருப்பு சுலபமானதல்ல. மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தவருக்கும், கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கும் ஒவ்வொரு மாதமும் பாரம்தான். அவர்களிடம் போய் "எல்லாம் மாயை" என்று சொல்வது ஆன்மிகமாகாது. அந்தக் காலத்தை எப்படிக் கழிப்பது என்று வழி சொல்வதே ஆன்மிகம். அதற்கான வழி திருச்செந்தூரின் தலவரலாற்றிலேயே இருக்கிறது.

சூரபத்மனை வெல்ல வந்த முருகன் இந்தக் கரையில்தான் பாசறை இறங்கினான் என்கிறது கந்தபுராணம். நினைத்த அன்றே வேலை எறிந்து காரியத்தை முடித்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. முதலில் வீரபாகுவைத் தூதனாக வீரமகேந்திரபுரத்துக்கு அனுப்பினான். தேவர்களைச் சிறையிலிருந்து விடு, வாழ்ந்து போ என்று சொல்லச் சொன்னான். தூதன் திரும்பி வரும்வரை கடற்கரையில் காத்திருந்தான். போர் முடிந்த பின், தோற்றவனை மயிலாகவும் சேவலாகவும் தன்னோடு வைத்துக்கொண்டான். பிறகு சிவபூஜை செய்தான். இன்றும் மூலவர் கையில் மலர் ஏந்தி, பூஜை செய்யும் கோலத்திலேயே நிற்கிறார். கருவறைக்குப் பின்புறம் பஞ்சலிங்கங்கள் உள்ளன. பூஜை முடித்தவன், வென்ற ஊர் என்று இங்கேயே தங்கிவிடவுமில்லை. மணக்கோலம் கொள்ளப் பரங்குன்றத்துக்குப் புறப்பட்டான்.

காத்திருந்தான், பேச வேண்டியதை மறைக்காமல் பேசினான், எதிரே நின்றவனையும் வாழவைத்தான், வேலை முடிந்ததும் வழிபட்டுவிட்டுக் கிளம்பினான். வீடு விற்கிறவரும் வாங்குகிறவரும் கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

முதலில் காத்திருத்தல். விற்கப்போகிற வீடுதானே என்று பலர் வீட்டைக் கைவிட்டுவிடுகிறார்கள். இது கடற்கரை ஊர். பூட்டிக் கிடக்கும் வீட்டை உப்புக் காற்று விட்டுவைக்காது. கதவுக் கீல் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருவேறிக் காரை பெயரும். முற்றத்தில் எருக்கு முளைக்கும். வாரம் ஒருநாள் யாரையாவது விட்டுத் திறந்து, பெருக்கி, சன்னலைத் திறந்துவைத்து, மாடத்தில் ஒரு விளக்கு ஏற்றச் சொல்லுங்கள். நம்மைக் காப்பாற்றிய வீட்டுக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அது. விலை ஏறுமா என்று பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. அடுத்து வாழப்போகிறவர் யாரென்று தெரியாமலே அவருக்காக ஒரு வீட்டைக் காத்துவைப்பது பலன் கருதாத கடமை. கர்மயோகத்தைப் பயில இதற்குமேல் ஓர் இடம் தேட வேண்டாம்.

அடுத்தது, காகிதங்களைச் சுத்தம் செய்வது. வீடு ஏன் தகையவில்லை என்று தேடிப்போனால் பாதி நேரம் விடை சந்தையில் இருக்காது, நம் பீரோவுக்குள் இருக்கும். தாய்ப்பத்திரம் கிடைக்கவில்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. எப்போதோ அடைத்த அடமானத்துக்கு ரசீது எழுதிப் பதியாததால் வில்லங்கச் சான்றில் அது இன்னும் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கை கையெழுத்துப் போடவில்லை.

அந்தத் தங்கையை நினைத்துப் பாருங்கள். தந்தை சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 1989-இலேயே தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆனது. இத்தனைக்குப் பிறகும் "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்று சொல்லி வெறும் கையோடு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகள் உண்டு. கூடப்பிறந்தவள் மனம் கசந்து நிற்கையில் நாம் எடுக்கும் காவடி எந்தக் குறையைத் தீர்க்கும்? தாமதமாகும் இந்த மாதங்கள் அவள் பங்கை அவளிடம் சேர்ப்பதற்காக வந்தவை என்று எடுத்துக்கொண்டால், அந்தத் தாமதமே அருளாகிவிடும்.

பிறகு உண்மை பேசுதல். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சொத்திலோ உரிமையிலோ தனக்குத் தெரிந்த, வாங்குபவரால் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால், விற்பவர் அதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அது. அதோடு நிற்கவில்லை. விற்பவருடைய உரிமையின் மதிப்பைப் பெரிதும் கூட்டக்கூடிய ஒரு விவரம் அவருக்குத் தெரியாமல் வாங்குபவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், வாங்குபவரும் அதை மறைக்கக் கூடாது என்கிறது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஓர் அறம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வள்ளுவருக்கு இது புதிதல்ல. நடுவுநிலைமை அதிகாரத்தில், பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்று அவர் சொல்லிவிட்டார்.

மழைக்காலத்தில் பின்கட்டில் ஒழுகும். கிணற்றுத் தண்ணீர் கோடையில் கரிக்கும். பக்கத்து மனைக்காரருக்கும் நமக்கும் ஒரு முழம் தகராறு உண்டு. இவற்றைச் சொன்னால் விலை குறையும். வந்தவர் போய்விடவும் கூடும். சொல்லிவிட்டு விற்கிறவருக்கோ, பத்திரம் முடிந்த இரவில் நல்ல தூக்கம் வரும். மறைத்து விற்றவருக்கு அந்தப் பக்கமாக நடந்து போகும் உரிமையே போய்விடுகிறது.

விலை இரண்டாகும் வழக்கத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு 7 சதவீதம் முத்திரைத்தீர்வை. பதிவுக் கட்டணம் 2023-இல் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. சிறு குடும்பத்துக்கு இதுவும் கனமான தொகைதான். அதற்காகப் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை எழுதிவிட்டு மீதியைக் கைக்காசாகக் கொடுப்பது ஊரறிந்த பழக்கமாகிவிட்டது. நல்ல நாள் பார்க்கிறோம். முகூர்த்த நாளில் கூட்டம் தாங்காது என்று பதிவுத்துறையே ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனை 150 ஆக்கித் தருகிறது. அத்தனை சுபநேரம் பார்த்து நாம் முதல் காரியமாக ஒரு பொய்யில் கையெழுத்திட்டால், அந்தப் பொய்யின் மேல்தான் பால் காய்ச்சிக் குடியேறுகிறோம்.

விலையைப் பற்றியும் மனம் தெளிய வேண்டும். அதைச் சொல்லித்தர இந்தக் கரையைவிட நல்ல இடம் வேறில்லை. கொற்கை பாண்டியரின் பெருந்துறைமுகமாக இருந்தது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிப்போக, துறைமுகம் காயலுக்கு இடம் மாறியது. காயலும் தூர்ந்து, வணிகம் தூத்துக்குடிக்குப் போனது. ஒரு காலத்தில் முத்து வணிகர்கள் போட்டிபோட்டு வாங்கியிருக்கும் கொற்கை மண்ணில் இன்று பயிர் விளைகிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. இந்தப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் பனையும் முள்ளும் நின்ற நிலத்தில் 2,200 ஏக்கருக்கும் மேல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்குப் போயிருக்கிறது. 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். "ராக்கெட் தளம் வருது, சென்ட் எங்கேயோ போகும்" என்ற பேச்சு எல்லாத் தரகர் வாயிலும் இருக்கிறது. ஆறும் கடலும் அரசும் ஏற்றி இறக்கும் விலையை நம் கெட்டிக்காரத்தனம் என்றோ, நம் துரதிர்ஷ்டம் என்றோ நினைப்பதில் பொருளில்லை. பக்கத்துத் தெருவில் என்றோ ஒருவர் விற்ற விலையைப் பிடித்துக்கொண்டு ஆண்டுகளை இழப்பவர், விலைக்கு அல்ல, தன் மதிப்புக்குக் காவல் இருக்கிறார். வட்டி நெருக்குகிறது என்றால் இன்று கிடைக்கும் நியாயமான விலைக்குக் கொடுத்துவிடுவதே விவேகம். அதில் தோல்வி எதுவும் இல்லை.

வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை. மந்தமான சந்தையில் கை ஓங்கியிருப்பது உங்களுக்குத்தான். கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று தெரிந்து இன்னும் ஐந்து லட்சம் குறைத்துக் கேட்க முடியும். அவரும் வேறு வழியின்றிச் சம்மதிப்பார். அங்கேதான் உங்கள் பக்திக்குச் சோதனை. பேரம் பேசுவது தவறில்லை. ஒருவரின் கண்ணீரைக் கணக்கில் கழித்துக்கொள்வது தவறு. அதேபோல, உங்கள் சக்திக்கு மீறிய கடனில் வீடு வாங்கி, இருபது வருடம் நிம்மதியை அடகு வைக்கவும் வேண்டாம். உங்களுக்கென்று ஒரு வீடு இருந்தால் அது தகைந்து வரும். அதுவரை வாடகை வீட்டிலும் முருகன் படம் மாட்ட ஓர் ஆணி அடிக்கலாம்.

கடைசியாக, பிரிதல். பிறந்த வீட்டை விற்றால் வேரே போய்விடும் என்று நடுங்குகிறவர்கள் உண்டு. நம் தென்மாவட்டங்களில் அந்தப் பயத்துக்கு முன்னோர் ஒரு மருந்து வைத்துப் போயிருக்கிறார்கள். பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் இருந்தாலும் குடும்பம் குடும்பமாகத் தங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து பொங்கலிடுகிறோம். தேரிக்காட்டுச் செம்மண்ணில் இருக்கும் கற்குவேல் அய்யனாருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனாருக்கும் அன்று வருகிறவர்களில், ஊரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் எத்தனையோ பேர். வீடு போனாலும் சாஸ்தா போகமாட்டார். அந்த உறவைப் பத்திரம் எழுதி யாருக்கும் கொடுக்க முடியாது. யாரும் ஜப்தி செய்யவும் முடியாது.

கிரயப் பத்திரத்தில், புத்திர பௌத்திர பாரம்பரியமாகச் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதுகிறோம். உங்களுக்கு எழுதிக் கொடுத்தவரும் ஒரு காலத்தில் அதே வாசகத்தோடுதான் அதை வாங்கியிருப்பார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படியே. ஆகவே வீடு விற்கக் காத்திருப்பவர்களே, சாவியைத் தரும்போது குறையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். உடன்பிறந்தாளின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். வாங்கக் காத்திருப்பவர்களே, விற்பவர் மனம் நிறைந்து கையெழுத்துப் போடும் விலையைக் கொடுங்கள். அதன்பிறகு செந்திலாண்டவனிடம் போய்க் கேளுங்கள். கேட்பதற்கான தகுதி அப்போது உங்களுக்கு இருக்கும்.